கேமராவுக்குக் கீழே ஒரு விளக்கு

மார்ச் 4, செவ்வாய்

காலைப் பேப்பரில் பதினோராம் பக்கத்தில் இரங்கல் விளம்பரம். விங் கமாண்டர் ஞானசிகாமணி, வயது எண்பத்தாறு, ஞாயிற்றுக்கிழமை காலமானார். இன்று மாலை அடக்கம். விமானப்படை உடையில், நெஞ்சில் பதக்கத்தோடு படம். எழுபத்தொன்றாம் வருடப் போரில் விமானம் ஓட்டியவர் என்று மூன்று வரி. கடைசியாக, 'தொலைக்காட்சியிலும் தோன்றியவர்' என்று இரண்டே சொல்.

தோன்றியவராம். போகிற போக்கில் எட்டிப் பார்த்துவிட்டு வந்த மாதிரி. எண்பத்தொன்று முதல் தொண்ணூறு வரை, வியாழக்கிழமை மாலை ஆறரைக்கு 'கேட்டால் என்ன?' என்ற அறிவியல் நிகழ்ச்சியை நடத்தியவர் அவர். நானூற்று முப்பத்தொரு வாரம். இன்றைக்கு ஐம்பது வயதைத் தொட்ட யாரை நிறுத்திக் கேட்டாலும் அவர் கையில் பிடித்திருந்த காகித விமானத்தைப் பற்றிச் சொல்வார்கள். எனக்கு எண்ணிக்கை தெரியும். நான் அந்த நிகழ்ச்சியின் ஃப்ளோர் அசிஸ்டென்ட். ஸ்டாப்வாட்ச் என் கழுத்தில்தான் தொங்கும்.

அடக்கத்துக்குப் போகவில்லை. போய் யார் என்று சொல்லி நிற்பது?

அரை டம்ளர் அரிசி வைத்தேன். மூன்று விசிலுக்கு வழக்கமாகப் பதினொரு நிமிடம். இன்று இருபது நிமிடமாகியும் ஒன்றுகூட வரவில்லை. போய்ப் பார்த்தால் வெயிட் போடாமல் விட்டிருக்கிறேன்.

மார்ச் 5, புதன்

தண்ணீர் கேன் வந்தது. கழுத்து வலி. வேறு ஒன்றுமில்லை.

மார்ச் 8, சனி

மதியம் ஒரு போன். தெரியாத எண் என்றால் எடுப்பதில்லை. ஏனோ எடுத்தேன்.

"தையல்நாயகி ஆன்ட்டிங்களா? நான் பியூலா. விங் கமாண்டர் ஞானசிகாமணியோட பொண்ணு."

பெங்களூரில் வேலையாம். அம்மாவுக்காக ஒரு மாதம் சென்னையில் இருக்கிறாளாம். இந்த முப்பதாம் தேதி சர்ச் ஹாலில் நினைவுக் கூட்டம். அப்பாவின் பழைய நிகழ்ச்சி ஒன்றைத் திரையில் போட ஆசை. தொலைக்காட்சி நிலையத்தில் கேட்டிருக்கிறாள். ஒன்றுகூட இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். அங்கே யாரோ என் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள்.

"உங்ககிட்ட ஏதாவது இருக்குமா ஆன்ட்டி? ஒரு அஞ்சு நிமிஷம் இருந்தாக்கூடப் போதும்."

"இல்லம்மா. அந்தக் காலத்துல எல்லாத்தையும் அழிச்சுட்டாங்க" என்றேன்.

அது உண்மைதான். வெற்று டேப்புக்குத் தட்டுப்பாடு. ஒளிபரப்பாகி முப்பது நாள் ஆனால் டேப்பை அழித்து, மேலேயே வேறு நிகழ்ச்சியைப் பதிவார்கள். அழிக்க வேண்டியவற்றின் பட்டியலை மாதாமாதம் டைப் அடித்தது யார் என்று அவள் கேட்கவில்லை. நான்தான். கார்பன் வைத்து மூன்று பிரதி. சூரிய கிரகணம் போனது, நாய் ஏன் நாக்கைத் தொங்கப் போடுகிறது போனது, நாகர்கோவில் பக்கம் காற்று ஏன் அப்படி அடிக்கிறது போனது. அதன்மேல் கோலப் போட்டி வந்தது.

பேசிய நேரம் நான்கு நிமிடம் இருபது விநாடி.

மார்ச் 9, ஞாயிறு

நாட்குறிப்பில் பொய் எழுதி யாரை ஏமாற்றப் போகிறேன்? ஒரு டேப் இருக்கிறது.

பீரோவில், அம்மாவின் கூறைப்புடவைக்கு அடியில். தடித்த பழைய காசெட், ஒரு பெரிய புத்தகம் அளவு. ஸ்டுடியோவில் ஆயுத பூஜைக்குக் கேமராவுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைப்போம். அந்தப் பழக்கத்தில் வருடா வருடம் இதையும் வெளியே எடுத்துத் துடைத்து, ஒரு பொட்டு வைத்து, திரும்ப உள்ளே வைத்துவிடுவேன். முப்பத்தைந்து வருடத்துச் சந்தனம் ஓரத்தில் அப்பிக்கொண்டிருக்கிறது. ஒரு தடவைகூடப் போட்டுப் பார்த்ததில்லை. அதைப் போடுகிற மெஷின் எந்த வீட்டில் இருக்கும்?

இது தப்பித்தது எப்படி என்றால், இது ஒளிபரப்பாகவே இல்லை. 'தண்ணீர் கொதிக்கிறது, பால் ஏன் பொங்குகிறது?' என்று ஒரு வாரம். திரி ஸ்டவ்வில் பாலை வைத்துவிட்டு அவர் பேசத் தொடங்கினார். பாலில் மேலே ஆடை படிகிறது, அடியில் எழும் ஆவி அதை உடைத்துக்கொண்டு வெளியேற முடியாமல் மொத்தப் பாலையும் தூக்கிக்கொண்டு எழுகிறது என்று கையை வைத்துக் காட்டினார். பேச்சு சுவாரஸ்யத்தில் பாலை மறந்துவிட்டார். அது பொங்கி வழிந்து, அடுப்பு அணைந்து, ஒரே புகை. டேப்பின்மேல் 'பயன்படாது' என்று சிவப்பு மையில் எழுதினார்கள். மறுநாள் வேறு டேப்பில் மறுபடி எடுத்தோம். பயன்படாத டேப் என் பட்டியலில் வராது. கைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பால் பொங்குவதை யாருமே கவனிக்கவில்லை. நானும்தான்.

மார்ச் 12, புதன்

பிசியோதெரபிப் பெண் கழுத்தைப் பிடித்துவிட்டுக் கேட்டாள். "என்னம்மா, நான் பேசப் பேசத் தஞ்சாவூர் பொம்மை மாதிரி தலையாட்டிக்கிட்டே இருக்கீங்க?"

வேலைப் பழக்கம் என்றேன். அவளுக்கு விளங்கவில்லை.

ஞானசிகாமணி சாருக்கு லென்ஸைப் பார்த்துப் பேச வராது. முதல் நாள் ஒத்திகையில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. குண்டு மழையில் விமானம் ஓட்டியவர், ஒரு கண்ணாடி வட்டத்தைப் பார்த்து வியர்த்துப்போனார். ஆறு தடவை எடுத்தும் சரிவரவில்லை. ஏழாவது தடவை, "யாராச்சும் ஒரு ஆள் முன்னால இருந்தா பேசிருவேன். ஒண்ணும் சொல்ல வேண்டாம். புரியுதுன்னு தலையை மட்டும் ஆட்டினாப் போதும்" என்றார். தயாரிப்பாளர் சுற்றுமுற்றும் பார்த்தார். கையில் வேலை இல்லாமல் நின்றது நான். கேமராவின் லென்ஸுக்கு நேர் கீழே ஒரு மர முக்காலியைப் போட்டு உட்கார வைத்தார்கள்.

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. முக்காலியை விட்டு எழுந்தபோது முப்பத்தாறு.

தமிழ்நாடு முழுக்க அவர் தங்களைப் பார்த்துத்தான் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தது. உண்மையில் ஒரு சாண் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். இதை வைத்து மேக்கப் ரூமில் கேலி நடந்தது. நடக்கட்டும். அவர் பார்த்தது தலையாட்டுகிற ஒரு முகத்தை. அந்த முகம் யாருடையதாக இருந்தாலும் ஒன்றுதான். ஒன்பது வருடத்தில் "சாப்பிட்டியா?" என்றுகூட ஒரு வார்த்தை கேட்டதில்லை. பதிவு முடிந்ததும் "தாங்க்யூ மிஸ் நாயகி" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். எனக்கு இது நன்றாகத் தெரியும். அதனால் இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

மார்ச் 13, வியாழன்

மாலை ஆறரைக்குக் காய்கறி நறுக்கினேன். பீன்ஸ்.

மார்ச் 15, சனி

பியூலாவுக்கு நானே போன் செய்து, டேப் ஒன்று கிடைத்தது என்றேன். 'கிடைத்தது' என்ற சொல்லைச் சொல்வதற்கு ஒரு வாரம் பிடித்திருக்கிறது. ஒரு மணி நேரத்தில் வந்து நின்றாள். அப்பாவின் நெற்றி, அப்பாவின் காது. காசெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஓரத்துல இது என்ன ஆன்ட்டி, மஞ்சளா?"

"பழைய கோந்தும்மா."

அவள் லிப்டில் இறங்கும் வரை கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். பீரோவில் புடவைக்கு அடியில் காசெட் அளவுக்கு ஒரு பள்ளம் இருக்கிறது. புடவையை வேறு மாதிரி மடித்து வைத்தேன். அப்போதும் பள்ளம் போகவில்லை.

மார்ச் 21, வெள்ளி

எங்கோ ஒரு கடையில் அந்த மெஷின் இருந்ததாம். படம் நன்றாகவே வந்திருக்கிறதாம். பியூலா சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தாள்.

"ஒரே ஒரு பிரச்சினை ஆன்ட்டி. அப்பா முழுக்க முழுக்கக் கீழயே பாக்கறார். நம்மளைப் பாக்கவே இல்ல. கடைக்காரர் சொல்றார், இப்போ கம்ப்யூட்டர்லயே கண்ணைச் சரிபண்ணிடலாமாம். நேரா நம்மளைப் பாக்கற மாதிரி. கடைசியில பால் பொங்கி ஏதோ கெட்டுப்போயிருக்கு, அதையும் வெட்டிடறேன்னார். பண்ணிடலாமா?"

நான் பதில் சொல்வதற்குள் பின்னால் ஒரு குரல். "இங்க தா மக்கா, நான் பேசுகேன்." அவருடைய மனைவி லில்லிபுஷ்பம் அம்மா. ஒன்பது வருடத்தில் நான் அந்தக் குரலைக் கேட்டதில்லை.

"நல்லா இருக்கியளாம்மா? டேப்பைப் பத்திரமா வச்சிருந்தியளே, கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாரு. கேட்டியளா, அந்தக் கண்ணைச் சரியாக்கிரட்டும். வாராவாரம் வியாழக்கிழமை வேலையெல்லாம் ஒதுக்கி வச்சிட்டு டிவி முன்னால இருப்பேன். ஒரு நாளாச்சும் என்னப் பாத்தாவளா? எப்பவும் கொஞ்சம் கீழ, யாரோ பிள்ளையப் பாக்குத மாதிரி. ஏன் அப்பிடிப் பாக்கியன்னு கேட்டா, அங்கன ஒரு லைட்டு இருக்கும்னாவ. ஒரு தடவையாச்சும் என்னை நேராப் பாக்கட்டுமே."

"சரிங்கம்மா, செஞ்சுடுங்க" என்றேன்.

பேசிய நேரம் குறிக்கவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

சரி என்று சொல்லிவிட்டேன். ஆனால் சரியில்லை. எனக்குக் கோபமாக இருக்கிறது. கோபம் என்றுதான் நினைக்கிறேன். என்னிடம் நகை இல்லை, பிள்ளை இல்லை, ஒரு கடிதம் இல்லை. இந்த உலகத்தில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு சாண் கீழே வந்த பார்வை. அதுகூட எனக்கானது இல்லை என்று தெரியும். தெரிந்தும் வைத்திருந்தேன். இப்போது அதை ஒரு கம்ப்யூட்டர் நிமிர்த்திவிடப் போகிறது.

அதைத் தடுக்க எனக்கு ஒரு வழி இருக்கிறது. அவர் ஏன் லென்ஸைப் பார்த்துப் பேச முடியாதவரானார் என்று சொன்னால் போதும். யாரும் அந்தக் கண்ணைத் தொட மாட்டார்கள்.

எண்பத்து நான்கில் ஒரு மதியம். ஜெனரேட்டர் மக்கர் செய்து ஸ்டுடியோ இருட்டாகிவிட்டது. எல்லோரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். அவர் மேஜையில், நான் முக்காலியில். முகம் தெரியாத இருட்டில் அவராகவே பேசினார்.

அவர் ஓட்டிய விமானத்தில் இரண்டு பேர். முன்னால் இவர். பின்னால் வழி சொல்ல கோகோய் என்று ஒரு அஸ்ஸாம்காரர். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. காதில் குரல் மட்டும்தான். குண்டு போட்டுத் திரும்புகையில் கீழேயிருந்து சுட்டதில் விமானம் குலுங்கியது. ஒரு எஞ்சின் போய்விட்டது. கோகோயைக் கூப்பிட்டால் பதில் இல்லை. ஒயர் அறுந்திருக்கும், நான் பேசுவது அவனுக்குக் கேட்கும், அவன் பேசுவதுதான் எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்தாராம். பின்னால் உட்கார்ந்திருப்பவன் பயப்படக் கூடாதே என்று எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டே வந்திருக்கிறார். இப்போது ஏன் குலுங்குகிறது, ஒற்றை எஞ்சினில் எப்படிப் பறக்கிறோம், இறக்கை எப்படித் தூக்குகிறது, இன்னும் எவ்வளவு தூரம். நாற்பது நிமிடம். இறங்கிப் பார்த்தால், கோகோய் முதல் ஐந்து நிமிடத்திலேயே போயிருந்தான் என்று டாக்டர் சொன்னாராம்.

"அதுதான் நான் நடத்தின முதல் நிகழ்ச்சி, மிஸ் நாயகி. பதில் சொல்லாத ஒண்ணைப் பாத்து அதுக்கப்புறம் என்னால பேச முடியல."

இருட்டில் நான் தலையாட்டினேன். அவருக்குத் தெரிந்திருக்காது. "ம்" என்றாவது சொல்லியிருக்கலாம்.

"வீட்டுல சொல்லல. சொன்னா அவ ஒவ்வொரு வியாழக்கிழமையும் கோகோயைத்தான் பாப்பா" என்றார். அதற்குள் விளக்கு வந்துவிட்டது.

மார்ச் 24, திங்கள்

போனை எடுத்தேன். வைத்தேன். துவரம்பருப்பு தீர்ந்துவிட்டது.

மார்ச் 26, புதன்

இன்று சொல்லிவிடுவது என்று பியூலாவின் எண்ணுக்குப் போட்டேன். லில்லி அம்மா எடுத்தார். மகள் போனை வீட்டில் வைத்துவிட்டுக் கடைக்குப் போயிருக்கிறாளாம்.

"அவிய வீட்டுல பேசவே மாட்டாவ, கேட்டியளா. 'காப்பி', 'சாவி', 'ம்'. அவ்வளவுதான். நாலு வார்த்தை சேந்தாப்புல கேக்கணும்னா எனக்கு வியாழக்கிழமை வரணும். அந்த அரை மணி நேரத்துல வானம், பூமி, பாலு, தண்ணி எல்லாத்தையும் எனக்கு விளக்கிச் சொல்லுதாவன்னு நினைச்சுக்கிடுவேன். பைத்தியக்காரி இல்லியா?"

"அப்படியெல்லாம் இல்லம்மா."

"நீங்க எதுக்குக் கூப்பிட்டிய?"

"கூட்டம் எத்தனை மணிக்குன்னு கேக்கத்தான்."

அந்த அம்மாவிடம் இருப்பது ஒரு அரை மணி நேரம். என்னிடம் இருப்பது ஒரு சாண். இதில் யார் யாரிடமிருந்து எடுத்துக்கொள்வது? கோகோயைச் சொல்ல மாட்டேன். அவர் என்னிடம் கொடுத்து வைத்தது அது ஒன்றுதான்.

மார்ச் 30, ஞாயிறு

மாலை நான்கு மணிக் கூட்டம். மூன்றரைக்கே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். சுமார் எண்பது பேர். ஜெபம், ஒரு பாட்டு, விமானப்படைக்காரர் ஒருவரின் பேச்சு. அவரும் போரைத்தான் பேசினார். பியூலா என்னைப் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்து இழுத்துப்போய் முதல் வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள். லில்லி அம்மா சிறிய உருவம். வெள்ளைப் புடவை. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

விளக்கை அணைத்துப் படம் போட்டார்கள்.

அதே குரல். அதே கட்டம் போட்ட சட்டை. "தண்ணீர் கொதிக்குது, பால் பொங்குது. ஏன்னு கேட்டால் என்ன?" கண் மட்டும் நேராகப் பார்த்தது. இடது கோடியில் இருந்தவரையும் பார்த்தது, வலது கோடியில் இருந்தவரையும் பார்த்தது. நான் தலையாட்டவில்லை. ஆட்ட வரவில்லை.

ஒரு நிமிடம் பத்து விநாடி ஆகியிருக்கும். லில்லி அம்மா சத்தமாகவே சொன்னார். "மக்கா, நிறுத்து. இது யாரைப் பாக்காவ?"

"நம்மளைத்தாம்மா. நீதானே கேட்ட?"

"கேட்டேன்தான். இது அவிய பார்வை இல்ல. பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க முழிச்ச மாதிரி இருக்கு. வெட்டாதது இருக்குல்லா? அதைப் போடு."

ஹாலில் கொஞ்சம் சலசலப்பு. பியூலா லேப்டாப்பில் எதையோ தேடினாள். இரண்டு நிமிடம். திரும்பவும் அதே சட்டை, அதே குரல். இந்த முறை கண் ஒரு சாண் கீழே இருந்தது. முப்பத்தைந்து வருடம் கழித்து நான் அதைப் பார்த்தேன். முக்காலியிலிருந்து பார்த்தபோது தெரியாதது இப்போது தெரிந்தது. அது பாடம் நடத்துகிற பார்வை இல்லை. கேட்கிறதா, இருக்கிறாயா, இருக்கிறாய்தானே என்று கேட்டுக்கொண்டே இருக்கிற பார்வை. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் அரை விநாடி நிற்கிறார். பிறகு முகம் தெளிகிறது. அந்த அரை விநாடியில் நான் தலையாட்டியிருப்பேன்.

இப்போதும் ஆட்டிக்கொண்டிருந்தேன் என்பது லில்லி அம்மா என் கையை அழுத்தியபோதுதான் தெரிந்தது.

திரையில் பால் எழுந்தது. இதை இன்றாவது எழுதிவிடுகிறேன். அன்று பால் எழுவதை நான் பார்த்தேன். ஆடை விம்மியதையும் பார்த்தேன், பாத்திரத்தின் விளிம்புக்கு வந்ததையும் பார்த்தேன். கையை உயர்த்தியிருந்தால் போதும், அதுதான் என் வேலை. கை உயர்த்தினால் அவர் அடுப்பைப் பார்ப்பார். நான் உயர்த்தவில்லை.

பொங்கி வழிந்தது. புகை. அவர் திடுக்கிட்டு, இருமி, அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே லென்ஸுக்குக் கீழே குனிந்து கேட்டார்: "சொல்லக் கூடாதா?" படம் நின்றது.

ஹாலே சிரித்தது. லில்லி அம்மாவும் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வீட்டுல இப்பிடிச் சிரிச்சு நான் பாத்தது இல்ல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பி, மெதுவாக, "அந்த இடத்துல என்ன இருந்துச்சும்மா?" என்று கேட்டார்.

சார் வீட்டில் சொன்ன பொய்யை நான் எப்படி மாற்றுவது?

"லைட்டுதாம்மா" என்றேன்.

"லைட்டுகிட்டயா 'சொல்லக் கூடாதா'ன்னு கேக்காவ?"

எழுந்து போய்விடலாம் என்று பார்த்தால் கை அவர் மடியில் இருந்தது. அவர் அதை விடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார். "சரி. அந்த லைட்டு மத்தியானம் ஏதாச்சும் சாப்பிட்டுச்சா?"

நான் அழுதேன். எண்பது பேர் நடுவில், மூக்கு ஒழுக, அசிங்கமாக. எவ்வளவு நேரம் என்று தெரியாது.

"அடுத்த ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரணும். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாளு, நாங்களும் கறி மீன் தொடுகது இல்ல. நீங்க சைவம்னாலும் பயப்படாம வரலாம்" என்றார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

போனேன். உள்ளித் தீயல், பப்படம், அவியல். மூன்று பேருக்குச் சமைத்த வீட்டில் சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று! பியூலா துணி எடுக்கக் கடைக்குப் போனாள். லில்லி அம்மா டீக்குப் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, சமையலறை ஸ்டூலில் என்னை உட்கார வைத்து, எதிரே நின்று பேசத் தொடங்கினார். கல்யாணமான புதிதில் சார் எழுதிய கடிதங்கள், போர் முடிந்து வந்ததும் மூன்று நாள் தொடர்ந்து தூங்கியது, அதற்கப்புறம் பேச்சு நின்றுபோனது. ஏன் நின்றது என்று தனக்குத் தெரியாது என்றார். நான் தலையாட்டினேன். அந்தக் காரணம் மட்டும் என்னோடு இருக்கும். அவர் பேசிக்கொண்டே போனார். ஐம்பது வருடத்துப் பேச்சு. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் என் முகத்தைப் பார்த்தார்.

அவருக்குப் பின்னால் பாத்திரத்தில் ஆடை விம்மியது. விளிம்புக்கு வந்தது.

"அம்மா, பால்!" என்றேன்.

சட்டென்று திரும்பி அடுப்பை அணைத்தார். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. டம்ளரில் ஊற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், சாதாரணமாகக் கேட்டார். "அண்ணைக்கும் இது மாதிரி சொல்லியிருந்தியன்னா, அந்தப் படமும் டிவியில வந்திருக்கும். வந்திருந்தா அழிச்சிருப்பாவ, இல்லியா?"

"ஆமாம்மா" என்றேன். "நானே டைப் அடிச்சுக் குடுத்திருப்பேன்."

"பொறவு என்ன? டீயைக் குடிங்க" என்றார்.